ஸ்டாவர்டன் பிரபு திரும்பப் பெற மறந்த தீர்மானம்

லண்டன்,
1929 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால்.

அன்பும், அன்பைவிடச் சற்றே கூடுதலாக அச்சமும் கொண்டு ஆகஸ்டா அக்காவுக்குத் தம்பி ஆப்ரி எழுதிக்கொள்வது.

இங்கே மூடுபனியையும் என் இடது முழங்காலையும் தவிர மற்றவை சுகம். உன் சுகத்தையும், கர்னல் அத்தானின் சுகத்தையும், உன் பதினாறு வாத்துகளின் சுகத்தையும் தனித்தனியாகக் கேட்டதாகக் கொள்ளவும். நீ அனுப்பிய பன்றித்தொடைக் கறி சனிக்கிழமை பகல் வந்து சேர்ந்தது. அதே கட்டில் உன் கடிதமும் இருந்தது. இரண்டில் கறியில்தான் உப்புக் குறைவு. “இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்தப் பதிமூணு கோபுரமும் என் புல்வெளியை விட்டுப் போகலேன்னா, நீ கிறிஸ்துமஸுக்கு இங்க வரவேணாம், கிளப்புலயே உக்காந்து வான்கோழி தின்னுக்கோ” என்று நீ எழுதியிருந்ததை நான் மூன்று முறை படித்தேன். கிளப்பில் வான்கோழியை எப்படிச் சமைக்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டாய்.

பதினோரு வருடமாகப் பிரபுக்கள் சபையின் குழுக்களில் உட்கார்ந்து பழகியவன் நான். விஷயத்தை வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நெதர்கோம்புக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதை உன் தெற்குப் புல்வெளி வழியாகப் போகிறது. அதற்குப் பதிமூன்று இரும்புக் கோபுரங்கள் நட வேண்டும், இரும்பு மட்டும் முன்கூட்டியே வந்து கிடக்கிறது. நிலம் உன் பேரில் இருப்பதால் உன் சம்மதப் பத்திரம் வேண்டும். டிசம்பர் 31க்குள் அது வராவிட்டால் மின்பாதை குன்றைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். நெதர்கோம்புக்கு 1932 வசந்தம்வரை வெளிச்சம் கிடையாது. எட்டுப் படுக்கை உள்ள அந்தச் சின்ன மருத்துவமனையில் டாக்டர் ஃபிளவர்ட்யூ அதுவரை மண்ணெண்ணெய் விளக்கில்தான் ஆட்களின் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருப்பார். 1926இல் மின்சார மசோதாவுக்காக மூன்று நாள் தொண்டை கட்டப் பேசியவன் நான். நாட்டில் எந்த நிலக்காரர் கோபுரம் வேண்டாம் என்றாலும் எனக்குக் கோபம் வரும். என் சொந்த அக்கா வேண்டாம் என்கிறாள் என்றால் எனக்கு ஜலதோஷம் வருகிறது.

செப்டம்பர் கடைசி ஞாயிறன்று காலை உணவின்போது நடந்ததை நான் மறக்கவில்லை. நீ முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டே கேட்டாய்.

“ஏண்டா ஆப்ரி, போன வருஷம் சபையில எத்தனை தடவ பேசின?”

“நாப்பத்தொரு தடவ அக்கா.”

“எதப் பத்தி?”

“மின்சாரம் பதினெட்டு. சாலை இருபது. கால்வாய்ப் படகு மூணு.”

“அதுல நெதர்கோம்ப் எத்தனை?”

நான் உப்பை எடுத்தேன்.

“கால்வாய்ப் படகுக்கு மூணு தடவ எந்திரிச்சவன், கூடப் பொறந்தவளுக்கு ஒரு தடவ எந்திரிக்கல. முழங்கால் வலியோ?”

அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “விடு ஆகஸ்டா, அவன் தேசத்துக்காகப் பேசறவன்” என்றார்.

“தேசம் எங்க இருக்கு, நம்ம வேலிக்கு வெளியிலயா?” என்று நீ கேட்டாய். அதற்குச் சபையில் யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

சொந்தக் குடும்பத்து நிலத்துக்காகச் சபையில் பேசுவது முறையல்ல என்று அன்று உனக்கு விளக்கினேன். நீ முட்டையைத் தின்றாய். லண்டன் திரும்பிய பிறகு வாரம் ஒன்றாக உன் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கோபுரங்கள் வளர்ந்துகொண்டே போயின. நடுவில் அத்தானிடமிருந்து ஓர் அஞ்சலட்டை. “அவ சொல்றத சொல்றபடியே எடுத்துக்காதே. வாத்தெல்லாம் சௌக்கியம்” என்று இரண்டே வரி. ராணுவத்தில் சுருக்கமாக எழுதிப் பழகியவர். எதைச் சுருக்கினார் என்பது எனக்கு விளங்கவில்லை. கடைசியில் நவம்பர் இறுதியில் நான் தோற்றேன். உன் புல்வெளிக்காக ஒரு தீர்மானம் கொடுத்தேன். டிசம்பர் 4, புதன்கிழமை விவாதம்.

இங்கே எங்கள் சபையின் ஒரு வழக்கத்தை உனக்குச் சொல்ல வேண்டும். நீ சிரிப்பாய், பரவாயில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு பிரபு பேச வேண்டுமானால் சும்மா எழுந்து பேசிவிட்டு உட்கார முடியாது, முடிவில் எதையாவது கேட்க வேண்டும். அதனால் “இது சம்பந்தமான ஆவணங்களைச் சபையின் முன் வைக்க வேண்டும்” என்று ஒரு தீர்மானத்தைச் சொல்லி முடிப்போம். எந்த ஆவணம் என்று கேட்டவருக்கும் தெரியாது, வேண்டவும் வேண்டாம். அரசுத் தரப்பில் ஒருவர் எழுந்து பதில் சொல்வார். உடனே தீர்மானம் கொடுத்தவர் மறுபடி எழுந்து, “சபையின் அனுமதியோடு என் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன்” என்பார். எல்லோரும் தேநீருக்குப் போவார்கள். கிளம்பி நிற்கும் விருந்தாளியிடம் ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே’ என்று சொல்வதைப் போன்றது இது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டால்தான் ஆபத்து. நான் இந்தப் பதினோரு வருடத்தில் எழுபத்தாறு முறை ஆவணங்களைக் கேட்டு எழுபத்தாறு முறையும் திரும்பப் பெற்றவன். ஒரு காகிதம்கூட என் வீட்டுக்கு வந்ததில்லை.

புதனன்று நான் இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். உன் புல்வெளியின் நீள அகலம், தெற்குச் சன்னல்கள் ஒன்பது, இரும்பு ஏற்றிவந்த லாரிகள் நம் ஓடைப் பாலத்தின் கைப்பிடியை முறித்தது, எல்லாம் சொன்னேன். வாத்துகளைக்கூடச் சொன்னேன். “நெதர்கோம்ப் மின்பாதையும், அதற்கான சாலைகளும், அதைத் தொடும் பிற பாதைகளும் சம்பந்தமான எல்லா ஆவணங்களையும்” கேட்டு முடித்தேன். ‘எல்லா’ என்ற சொல்லை ஓசைக்காகத்தான் சேர்த்தேன். அரசுத் தரப்புப் பிரபு ஐம்பது நிமிடம் பதில் சொல்லி, மாலை ஆறு மணி எட்டு நிமிடத்துக்கு உட்கார்ந்தார். அப்போது சபையில் இருந்தவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

என் பக்கத்தில் மெரிடன் பிரபு. எண்பத்து நான்கு வயது, ஐம்பத்திரண்டு வருடமாகச் சபையில் இருப்பவர், இடது காது முழுக்கவும் வலது காது விருப்பம்போலவும் கேட்காதவர். எங்கள் சபையில் ஓட்டெடுப்பில் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. ‘சம்மதம்’ என்போம், அல்லது ‘சம்மதமில்லை’ என்போம். மெரிடன் பிரபு அந்த இரண்டாவது சொல்லை எப்போதோ எங்கேயோ தொலைத்துவிட்டார். சூப் கொண்டுவரட்டுமா என்றாலும் சம்மதம், வெளியே மழையா என்றாலும் சம்மதம். அவர் என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“அம்பது நிமிஷமாவா?”

“பரிசீலிக்கிறாங்களாம்.”

“யாரை?”

“புல்வெளியை.”

“யாரு புல்வெளி?”

“எங்க அக்காவோடது.”

“உனக்கு அக்கா இருக்காளா?” என்றார் மெரிடன் பிரபு. “பதினோரு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், சொல்லவே இல்லையே.”

அது எனக்கு எங்கேயோ குத்தியது. பேச்சை மாற்றப் பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாயை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் தலைவர் தீர்மானத்தை வாசித்து, சம்மதமுள்ளவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல் மெதுவாகக் கேட்டிருக்கிறார். நான் எழுவேன் என்று எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். நான் மிட்டாயை நீட்டி, “எடுத்துக்கிறீங்களா?” என்று அவருடைய வலது காதில் கத்திக்கொண்டிருந்தேன்.

“சம்மதம்” என்றார் மெரிடன் பிரபு. மேல்மாடத்தில் இருந்த நிருபர்களுக்கும் கேட்டது.

எதிர்த்துச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. தீர்மானம் நிறைவேறியது. நான் அப்போது மிட்டாயின் தாளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு விரல்கள் ஒத்துழைப்பதில்லை. வெளியே போகும்போது அரசுத் தரப்புப் பிரபு என் தோளைத் தட்டி, “வாழ்த்துகள் ஸ்டாவர்டன். கேட்டதை நெஜமாவே வாங்கினவன இப்பத்தான் பாக்கறேன்” என்றார். எதற்கு வாழ்த்து என்று எனக்கு வீட்டுப் படியேறும்போதுதான் புரிந்தது.

புரிந்தும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஓர் உறையில் நாலு காகிதம் வரும், வசந்த காலத்துக்குள் வந்தால் அதிசயம் என்று நினைத்தேன். மின்பாதை அலுவலகம் இந்த மாதம் வேறு கட்டிடத்துக்கு மாறுகிறது என்பதும், அவர்களுடைய கோப்புகள் எல்லாம் ஏற்கெனவே பெட்டிகளில் கட்டப்பட்டு, வைக்க இடமில்லாமல் நடைவழியில் நின்றன என்பதும் எனக்குத் தெரியாது. நேற்று, திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு என் செயலாளர் மிஸ் டிபெட் படிப்பறைக் கதவைத் தட்டினார். அவரை உனக்குத் தெரியும், நான்கு வருடமாக என் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே மனுஷி.

“ஐயா, உங்க ஆவணங்கள் வந்திருக்கு.”

“மேசை மேல வைங்க.”

“மேசை பத்தாதுங்க. வீடு பத்துமான்னுதான் பாத்துட்டிருக்கேன்.”

முப்பத்தொரு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சவப்பெட்டியில் பாதி. மின்சாரம் பத்தொன்பது, சாலை பதினொன்று, ரயில்வே ஒன்று. சபையின் மேசைக்குப் பட்டியல் போதும், மூலங்கள் கேட்டவரின் பார்வைக்கு என்று ஒரு சீட்டும் வந்திருந்தது. அவற்றை ஏற்றிவந்த லாரி எங்கள் தெருவுக்குள் மூக்கை நுழைத்து, திரும்ப முடியாமல், விளக்குக் கம்பத்துக்கும் இறைச்சிக் கடைக்கும் நடுவே குறுக்காக நின்றுவிட்டது. பின்னால் ஒரு பேருந்து, அதன் பின்னால் இரண்டு பால் வண்டிகள், அவற்றின் பின்னால் ஒரு பியானோ. நான் அரைச் சவரத்தோடு வாசலுக்கு வந்தேன். பேருந்தின் நடத்துனர் படியில் நின்று என்னைப் பார்த்தார்.

“என்னங்க ஐயா, பார்லிமெண்டே உங்க வீட்டுக்குக் குடி வருதா? அதுலயாவது எங்கள ஏத்திக்கிட்டுப் போய் வேலைக்கு விடுங்க.”

பேருந்துக்குள்ளிருந்து ஓர் அம்மாள், “வேக வரம்ப எடுக்கணும்னு பேசினாரே, அந்தப் பிரபு இவர்தானே? முதல்ல இத எடுக்கச் சொல்லுங்க” என்றார். உண்மைதான். மணிக்கு இருபது மைல் என்ற பழைய வரம்பு இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று போன வாரம் சாலை மசோதாவில் பேசியவன் நான். என் வாசலில் அப்போது மணிக்கு ஒரு மைல்கூட இல்லை. ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கண்ணியமான ஆள். தெருவை அடைத்ததற்கு என் பெயரை எழுத வேண்டும் என்றார். தெருவை அடைப்பது பற்றிய பிரிவை மசோதாவில் திருத்தியவனே நான்தான் என்று, கொஞ்சம் தேவையில்லாமல், சொன்னேன்.

“அப்ப ரொம்ப வசதிங்க” என்றார் அவர். “பிரிவு நம்பரையும் நீங்களே சொல்லிடுங்க, எழுதிக்கிறேன்.”

சொன்னேன். வேறென்ன செய்வது.

பெட்டிகள் கூடத்திலும், மாடிப்படியில் படிக்கு ஒன்றாகவும், குளியலறையில் மூன்றுமாக இடம்பிடித்தன. மதியத்துக்குள் மிஸ் டிபெட் மின்சாரப் பெட்டிகளில் உன் ஊர்ப் பெயர் உள்ளதைப் பிரித்துவிட்டார். ரயில்வேப் பெட்டியில் நமக்கு என்ன இருக்கப் போகிறது என்று அதை மூடியபடியே மேசையருகே இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்த்தார். பதினான்காவது பெட்டியில், பச்சை நாடா கட்டிய ஒரு கோப்பை எடுத்து இரண்டு பக்கம் படித்தவர், “ஐயா, நீங்க உக்காந்துக்கிட்டுப் படிக்கிறது நல்லது” என்றார்.

அக்கா, இதுதான் இந்தக் கடிதத்தின் கஷ்டமான இடம். அந்தப் பாதை முதலில் உன் புல்வெளி வழியாகப் போடப்படவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் எட்டிப் பார்க்காத சதுப்பு வழியாகத்தான் போட்டிருந்தார்கள். 1926இல் மின்சார மசோதா விவாதத்தில், “கோபுரங்களைப் புகழ்பவர்கள் தம் வீட்டுக்கு எதிரே ஒன்றை நட்டுக்கொள்வார்களா?” என்று ஒரு பிரபு என்னைக் கிண்டல் செய்தார். நான் எழுந்து, “பிரபுக்களே, முதல் கோபுரம் என் குடும்பத்துச் சன்னல்களுக்கு எதிரிலேயே நிற்கட்டும். நாங்கள் மகிழ்ச்சியோடு சம்மதிப்போம்” என்றேன். நல்ல கைதட்டல். சபை நடவடிக்கைக் குறிப்பில் பத்தி 814. அந்தக் குறிப்பை அச்சுக் கோப்பவரைத் தவிர உலகத்தில் எவரும் படிப்பதில்லை என்பது என் நெடுநாளைய எண்ணம். மின்பாதை அலுவலகத்தில் ஒருவர் படித்திருக்கிறார். கோப்பில் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

“ஸ்டாவர்டன் பிரபு சபையில் சம்மதம் தெரிவித்துள்ளார். குடும்பத்துச் சன்னல்கள் எவை என விசாரிக்கவும்.” அதன்கீழ் வேறு மையில்: “நகர வீட்டுக்கு எதிரே இறைச்சிக் கடை, கோபுரத்துக்கு இடமில்லை. பூர்வீக மாளிகை இப்போது பெண்கள் பள்ளி, சன்னல்கள் மாணவிகளுடையவை. நெதர்கோம்பில் மூத்த சகோதரி. தெற்குச் சன்னல்கள் ஒன்பது. திருப்திகரம். பாதையை ஓடைக்கு இப்புறம் மாற்றலாம்.”

நேற்று மூன்று மணிக்கு நான் அந்த அலுவலகத்துக்கு நடந்தே போனேன். என் தெருவில் வண்டி எதுவும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. குறிப்பு எழுதியவர் பெயர் பிளக்கெட். சின்ன மனிதர், பெரிய மூக்குக்கண்ணாடி. வெறும் அறையில் ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

“மிஸ்டர் பிளக்கெட், அது பேச்சுக்குச் சொன்னது.”

“பேச்சுலதான் சொன்னீங்க ஐயா. பத்தி எண்ணூத்திப் பதினாலு.”

“இல்ல, பேச்சுக்காகச் சொன்னது. யாரும் அத நெசமா எடுத்துக்க மாட்டாங்க.”

“பேச்சுக்குச் சொன்னது எது, சம்மதமாச் சொன்னது எதுன்னு பிரிச்சுப் பாக்க எங்ககிட்ட தனிப் பிரிவு கிடையாதுங்க. நான் பதினெட்டு வருஷமா எல்லாத்தையும் சொன்னபடியே எழுதிக்கிறேன்.”

“இப்ப நான் அதத் திரும்பப் பெறறேன்னா?”

“தாராளமாப் பெறலாம் ஐயா. ஆனா சபையில சொன்னத சபையிலதான் திரும்பப் பெறணும். இங்க சொன்னா எனக்கு எழுதப் பத்தி நம்பர் இருக்காது.” பிறகு சற்றுத் தயங்கி, “முப்பத்தொண்ணாவது பெட்டியத் திறந்தீங்களா ஐயா?” என்று கேட்டார்.

“அது ரயில்வே தானே?”

“ரயில்வேதாங்க” என்றார் பிளக்கெட், ஏதோ பாரம் இறங்கியவர்போல. “எல்லா ஆவணமும்னு சபை சொல்லிடுச்சு, அதனால அனுப்பினேன். நீங்க ரயில்வே பாக்கணும்னு ஒண்ணும் அவசியம் இல்ல. டீ சாப்பிடறீங்களா?” தேநீர்க் கெட்டிலும் ஏதோ ஒரு பெட்டியில் போய்விட்டது என்று உடனே நினைவு வந்து மன்னிப்பும் கேட்டார். என் பெட்டிகளில் ஒன்றில் அது இருக்கலாம். தேடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, அக்கா, உன் சன்னலுக்கு எதிரே அந்த இரும்பைக் கொண்டுவந்து நிறுத்தியது பொறியாளரும் அல்ல, அரசாங்கமும் அல்ல. ஒரு கைதட்டலுக்காக உன் புல்வெளியைத் தூக்கிக் கொடுத்த உன் தம்பி. அதைச் செய்தபோது அந்தச் சன்னல்கள் உன்னுடையவை என்றே எனக்குத் தோன்றவில்லை. ‘என் குடும்பம்’ என்று சொன்னேன், கேட்பதற்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கால்வாய்ப் படகைப் பற்றிப் பேசும்போது நான் ஒவ்வொரு மடையையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

இரவெல்லாம் யோசித்தேன் என்று எழுத மாட்டேன், பத்து மணிக்குத் தூங்கிவிட்டேன். ஆனால் காலையில் முடிவு செய்துவிட்டேன். இத்துடன் இரண்டு காகிதங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று சம்மதப் பத்திரம். உனக்கு மனமிருந்தால், ஃபிளவர்ட்யூவின் எட்டுப் படுக்கைகளை நினைத்து, அதில் கையெழுத்துப் போடு. நீ போட வேண்டிய கட்டாயம் துளியும் இல்லை. மற்றது வெறும் தாள். அதில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் எழுதி அனுப்பு. வியாழக்கிழமை நான் சபையில் எழுந்து, பத்தி 814இல் சொன்னது வெறும் வாய்வீச்சு, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, திரும்பப் பெறுகிறேன், பாதையைப் பழையபடி சதுப்புப் பக்கமே போடட்டும் என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால் வெள்ளிக்கிழமைப் பத்திரிகைகளில் என்னை வறுத்தெடுப்பார்கள். சாலை மசோதாவில் நான் எழும்போதெல்லாம் “உங்க வீட்டு வாசலுக்கு வந்தா?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும், இனி என் வாய்க்கு மதிப்பு இராது. பரவாயில்லை. மின்சாரத்தைப் பற்றி என்னை நம்பாவிட்டாலும் அவர்களுக்கு மின்சாரம் வரும். நீ என்னை நம்பாமல் போனால் எனக்கு எதுவும் வராது, வான்கோழி உட்பட.

எது செய்தாலும் வியாழன் காலைத் தபாலுக்குள் செய். கிறிஸ்துமஸைப் பற்றி நீயாகச் சொல்லும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

அத்தானின் கால்விரல் வீக்கம் தணியட்டும். வாத்துகள் பனியில் உறையாமல் இருக்கட்டும். உன் ஒன்பது சன்னல்களிலும் நீ பார்க்க விரும்புவது மட்டும் தெரியட்டும். மெரிடன் பிரபு உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். மிட்டாய் நன்றாக இருந்ததாம்.

என்றும் உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஆப்ரி
(ஸ்டாவர்டன்)

பின்குறிப்பு: காலை பதினொன்றரை. உறையை ஒட்டப் போகும்போது மிஸ் டிபெட் எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்திருந்த ரயில்வேப் பெட்டியின் மூடி விரிசல் விட்டுவிட்டது. கெட்டில் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தோம். கெட்டில் இருந்தது. அதன் கீழே, நெதர்கோம்ப் கிளைப் பாதையின் பழைய கால அட்டவணைகளுக்கு நடுவே, உன் சம்மதப் பத்திரம் இருந்தது. உன் கையெழுத்து. தேதி அக்டோபர் 4, நாம் முட்டை சாப்பிட்ட ஞாயிறுக்கு ஐந்தாம் நாள். நிபந்தனைகள் என்ற கட்டத்தில் உன் சாய்வெழுத்தில் இப்படி இருக்கிறது: “பதிமூன்று கோபுரங்களும் வரலாம். விளக்கைப் பிடிக்க ஆள் தேடி டாக்டர் வீடுவீடாக அலைவதை என்னால் இனிப் பார்க்க முடியாது. ஒரே நிபந்தனை. டிசம்பர் முடியும்வரை இது என் தம்பி ஸ்டாவர்டன் பிரபுவுக்குத் தெரியக் கூடாது. என் புல்வெளிக்காக அவன் ஒரு தடவையாவது சபையில் எழுந்து நிற்கட்டும்.” ஓரத்தில், “நிபந்தனை ஏற்கப்பட்டது. பிரபுவின் கண்ணில் படாத பெட்டியில் வைக்கவும். பிளக்கெட்.”

பத்திரத்தோடு ஒரு தாள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. பத்தி 814. உன் தையல் கத்தரியால் வெட்டியது, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கிறது. ஆக, சபைக் குறிப்பைப் படிப்பவர்கள் உலகத்தில் இரண்டு பேர். நாற்பத்தொன்று என்ற எண்ணிக்கையும் நீ கேட்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகையால் மேலே எழுதியுள்ள அத்தனை பக்கங்களையும் உன் அனுமதியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருபத்திரண்டு நிமிடப் பேச்சை மட்டும் திரும்பப் பெறவில்லை. அது அச்சாகிவிட்டது, வாத்துகள் 402ஆம் பத்தியில் வருகின்றன. 24ஆம் தேதி மதியம் மூன்று நாற்பது ரயிலில் நெதர்கோம்ப் வருவதாக உத்தேசம். நீளமாக எதுவும் எழுத வேண்டாம். மெரிடன் பிரபுவுக்குத் தெரிந்த அந்த ஒரே சொல்லை எழுதி அனுப்பு, போதும்.